மண் இளகிய பிறகு வா

அன்பு மகள் டெல்ஃபினுக்கு,

நானும் அம்மாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். நீயும் அந்த வெயில் ஊரில் அப்படி இருந்தால் போதும். இன்று காலை மாநிலப் போலீஸ் சார்ஜென்ட் வீட்டுக்கு வந்து சொன்னதை முதலில் எழுதுகிறேன். உன் தம்பி ரஸல் அடிபட்ட கணத்திலேயே இறந்துவிட்டான், பனியில் கிடந்து தவிக்கவில்லை. பிரேதப் பரிசோதனையில் அது உறுதியாகியிருக்கிறது. நீ நேற்று போனில் கேட்டது அதைத்தான். நான் போனை எடுத்தாலே அம்மா பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறாள், அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் பேச முடியவில்லை, அதனால்தான் மின்னஞ்சல்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நல்ல வெயில். தீவனக் கடைக்கு அவன் கிளம்பும்போது போனில் பனிச்சூறை எச்சரிக்கை அலறியது. "இது அழாத நாளே இல்லம்மா, பால் குடுத்துத் தூங்க வை" என்று அதைச் சமையல் மேடையிலேயே வைத்துவிட்டுப் போனான். "ஏரிச் சூறை என்ன உன் மாமியாராடா, சொல்லிட்டு வர்றதுக்கு" என்று அம்மா கத்தினாள், அவன் கையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தான். மலை ரோட்டில் வெளியூர்ப் பெண் ஒருத்தியின் வாடகைக் கார் பள்ளத்தில் இறங்கி நின்றிருக்கிறது. இங்கே டக் ஹில்லில் பள்ளத்தில் நிற்கிற வண்டியைத் தாண்டிப் போனவன் அப்புறம் ஊரில் யார் முகத்திலும் விழிக்க முடியாது, உனக்கே தெரியும். சூறை வரும்போது ரோட்டில் நிற்காதீர்கள், இறங்காதீர்கள் என்று எச்சரிக்கையில் எழுதியிருப்பதை நாம் வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னதாகவே நினைத்துக்கொள்வோம். ரஸல் நிறுத்தினான். கயிற்றை மாட்டக் குனிந்தபோது ஏரிப்பக்கமிருந்து சூறை வந்து மூடிவிட்டது. பின்னால் வந்தது பால் லாரி. ஓட்டியவன் ஹார்லன், ரஸலோடு பள்ளியில் ஹாக்கி ஆடிய அதே ஹார்லன். புதன்கிழமை வாசலில் வந்து நின்றான், தொப்பியைக் கழற்றிவிட்டு உள்ளே வரவே மாட்டேன் என்றான். "ஊர்ந்துதான் வந்தேன் சார், என் வண்டி மூக்கே எனக்குத் தெரியல" என்றான். அம்மா எழுந்து போய், "உள்ள வாடா, குளிர்ல நிக்காத, உங்கம்மாவுக்காவது பிள்ளை வேணும்" என்று சட்டையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

அந்தப் பெண்ணுக்கு ஒரு கீறலும் இல்லை. ஜார்ஜியாவிலிருந்து, படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவைப் பார்க்க வந்தவள், உன் வயதுதான் இருக்கும். நேற்று வந்து, என்னால்தானே, என்னால்தானே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். "அங்க என் பொண்ணு நின்னிருந்தா வேற எவனாவது நிறுத்தியிருப்பான், போய் உங்கப்பாவப் பாரு" என்று அம்மா சொல்லி அனுப்பினாள்.

டெல்ஃபின், அவள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. நீ சனிக்கிழமை சிராக்யூஸ் விமான நிலையத்தில் இறங்கி வாடகைக் கார் எடுத்து வருவதாகச் சொன்னாய். வராதேம்மா. வானிலை அலுவலகம் ஞாயிறு காலை வரை பனிப்பொழிவு எச்சரிக்கையை நீட்டியிருக்கிறது, நடுநடுவே சூறை வரும் என்கிறார்கள். அங்கே ஆறு வருஷம் இருந்துவிட்டாய், உன் கை பனியில் வண்டி ஓட்டுவதை மறந்திருக்கும். நீ பள்ளத்தில் இறங்கினால் எவனாவது நிறுத்துவான், இங்கே நிறுத்தாமல் போக யாருக்கும் தெரியாது. தம்பி சாவுக்கு வராத அக்கா என்று ஒருவரும் பேசமாட்டார்கள், பேசினால் நான் பார்த்துக்கொள்கிறேன். இருக்கிற ஒரு பிள்ளையை அந்த ரோட்டில் விட்டுவிட்டு ஜன்னலருகே உட்கார எங்கள் இருவருக்கும் தெம்பு இல்லை.

வேளைக்குச் சாப்பிடு. இரவு தனியாக இருக்காதே, தோழியை வரச் சொல். கடவுள் உன்னைக் கண்ணின் மணிபோல் காப்பார். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு இன்றே ஒரு வரி எழுது, அதைப் பார்த்தால்தான் அம்மா படுப்பாள்.

போலீஸ் அறிக்கை அடுத்த வாரம் வரும். மண் பனியில் உறைந்து இறுகிக் கிடப்பதால் ரஸலை இப்போது புதைக்க முடியாது, கல்லறைத் தோட்டத்துக் கல் அறையில் வைத்திருக்கிறார்கள். மே முதல் வாரம் குழி வெட்டலாம் என்கிறார்கள். நீ வந்த பிறகுதான் மண் போடுவோம்.

உன் அப்பா,
வெண்டல்