மாடி வீட்டுத் தண்ணீர்

ஐப்பசி 9, ஞாயிறு

மஞ்சள் காமாலையில் படுத்த மகள் வள்ளி இன்றுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினாள். எங்கள் போர் தண்ணீரில் செப்டிக் டேங்க் கழிவு கலந்திருப்பதாக வந்த சோதனை அறிக்கையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். வீட்டுச் சொந்தக்காரர் அதைக் கையால்கூடத் தொடவில்லை.

“நாங்களும் இதைத்தாம்மா குடிக்கிறோம். உங்க பொண்ணு வெளியில எதையாவது சாப்பிட்டிருக்கும்.”

அவர் மனைவி உள்ளேயிருந்து டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். “பயப்படாம குடிங்க, இது கேன் தண்ணி. போர் தண்ணி நாத்தம் அடிக்குதுன்னு ரெண்டு வருஷமா இதான் வாங்குறோம்.”

வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

கேட்க எவ்வளவோ இருந்தது. தஞ்சாவூரில் உடனே வேறு வீடு எங்கே கிடைக்கும் என்று வாயை மூடிக்கொண்டேன். தாகமாகவும் இருந்தது. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். “வரேங்க” என்று வேறு சொல்லிவிட்டு இறங்கினேன்.