கிழக்கு மூலையில் கள்ளிமுளையான்

அக்டோபர் 26

வெயில். மழை ஃபோனில் மட்டும் பெய்கிறது. காலேஜுக்குப் போகிற வழியில் கல்லறைத் தோட்டம். கிழக்கு மூலையில் கள்ளிமுளையான் உயிரோடு இருக்கிறது. இலை கிடையாது, விரல் தடிமனில் நாலு பட்டைத் தண்டு, அவ்வளவுதான். நுனியில் மொட்டு! கடுகு அளவு. இரண்டு வருஷமாக இதற்குத்தான் அலைகிறேன்.

பூவைப் பார்க்காமல் எந்த வகை என்று எழுத முடியாது. தாம்பரம் பக்கத்துக் காட்டுச் செடி, பறவை, சாப்பாடு பற்றிய என் ஆய்வில் இந்த ஒரு பக்கம் மட்டும் பாதி காலி. துவையல் செய்முறை இருக்கிறது, செடியின் பெயர் இல்லை. வெட்கக்கேடு. படப்பையில் பார்த்த இடம் இப்போது குடோன். மேடவாக்கத்தில் பார்த்த இடம் அப்பார்ட்மென்ட். மிச்சம் இந்த மூலைதான்.

சிலுவை மேல் ஒரு கொண்டலாத்தி. கொண்டையை விரித்து என்னையே பார்த்தது.

கவலை: நவம்பர் 2 கல்லறைத் திருநாள். முந்தின நாள் மாதா சபைப் பெண்கள் மண்வெட்டியோடு வருவார்கள். தலைமை பிலோமினா டீச்சர்.

அக்டோபர் 28

தூறல். பூசை முடிந்து டீச்சரைப் பிடித்தேன். ரிட்டயர் ஆகியும் எல்லோரும் அவருக்கு நாலாம் வகுப்புதான்.

"டீச்சர், கிழக்கு மூலையில ஒரு கள்ளிமுளையான் இருக்கு. அதை மட்டும் விட்டுடுங்க. பூக்கணும்."

"கிளாரா, நாளும் கிழமையுமா கல்லறை காடு மாதிரி இருந்தா ஜனங்க என்ன நினைப்பாங்க? உனக்கு வேணும்னா இப்பவே பிடுங்கிட்டுப் போ."

பிடுங்கினால் மொட்டு உதிர்ந்துவிடும் என்று சொல்வதற்குள் போய்விட்டார். எரிச்சல். வீடு வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

வாங்க வேண்டியது: உப்பு, டெட்டால், வீட்டுக்காரர் எட்வினுக்கு இருமல் மருந்து.

அக்டோபர் 29

மழை. குழி வெட்டும் அந்தோணி அண்ணனிடம் புலம்பினேன்.

"இன்னா மேடம், ஒரு செடிக்கு இவ்ளோ பேஜார்? நாலு செங்கல்ல சுத்தி வெச்சி சுண்ணாம்பு அடிச்சுடு. எவனும் கை வெக்க மாட்டான்."

அவரே செங்கல் கொடுத்தார். நான் சுண்ணாம்பு அடித்தேன். பார்க்க நன்றாகவே இருந்தது. எட்வின் விஷயம் கேட்டுச் சிரித்தார்: "கல்லறையில இடம் வளைச்சுப் போட்ட முதல் ஆள் நீதான். பட்டா வாங்கிட்டியா?"

செகண்ட் இயர் பசங்க ரெக்கார்ட் திருத்தினேன். ஒருத்தி, ராஜகீழ்ப்பாக்கத்தில் தெருவோரம் பறித்த செடிக்கு லேபிளில் 'இடம்: ஏற்காடு' என்று எழுதியிருக்கிறாள். கிழித்துப் போட்டேன். லேபிளில் பொய் எழுதினால் அந்தச் செடி குப்பைக்குச் சமம் என்று கத்தியதில் தொண்டை கட்டிவிட்டது.

நவம்பர் 1

நாள் முழுக்க எக்ஸாம் டியூட்டி. லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. சாயங்காலம் அந்தோணி அண்ணனுக்கு ஃபோன்.

"வூட்ல கீறேன் மேடம். செங்கல்லு அப்டியே கீது. டீச்சரு ரொம்ப நேரம் அங்கதான் நின்னுகினு இருந்தாங்க."

செங்கல் இருக்கிறது. அப்பாடா. வத்தக்குழம்பு, அப்பளம்.

நவம்பர் 2

வானம் வெறித்திருக்கிறது. எட்வினுடன் மாமனார் கல்லறைக்குப் பூ, மெழுகுவர்த்தி. முடித்ததும் கிழக்கு மூலைக்கு ஓடினேன்.

செங்கல் நாலும் இருந்தன. நடுவில் செடி இல்லை. மண்ணைச் சலித்ததுபோல் கொத்தி, மேலே சாமந்தி, ஒரு மெழுகுவர்த்தி, பக்கத்தில் ஒரு பால் பிஸ்கட் பாக்கெட். அருகில் தரையில் பிலோமினா டீச்சர், பட்டுப்புடவையோடு. இன்றைக்கு விடக் கூடாது என்றுதான் போனேன்.

அவரே பேச ஆரம்பித்தார். "கிளாரா, இங்க உட்காரு. என் மூத்தவன் இவன். பொறந்து ஒரு நாள்தான் இருந்தான். நான் ஆஸ்பத்திரியில கிடந்தேன். அவர் கொண்டுவந்து புதைச்சார். கேட்டா 'கிழக்கு மூலை'ன்னு மட்டும் சொல்வார், அப்புறம் அழுவார். அவரும் போயிட்டார். எந்த இடம்னு தெரியாமலே இத்தனை வருஷம் பொதுவா ஒரு மெழுகுவர்த்தி ஏத்திட்டுப் போவேன். யாரோ புண்ணியவான் அடையாளம் வெச்சு வெள்ளையடிச்சிருக்கான் பாரு. ஃபாதர்கிட்ட பழைய கணக்கு இருந்திருக்கும்."

பக்கத்தில் உட்கார்ந்தேன். எட்வின் வந்து கூப்பிடும்வரை உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் அழுதேன். செடிக்கா, அந்தப் பையனுக்கா, தெரியவில்லை.

நவம்பர் 3

நல்ல மழை. காலேஜ் லீவு. பதினோரு மணிக்கு டீச்சர், குடையோடு. கையில் டிபன் பாக்ஸ், ஒரு மஞ்சப்பை.

"நீ அன்னைக்குக் கேட்டியே, அந்த முளையான் அவன் மேலதான் இருந்தது. தூக்கிப் போட மனசு வரலை. துவையல் அரைச்சேன், புளி தூக்கலா. ரெண்டு தண்டு உனக்கு எடுத்து வெச்சேன்."

பைக்குள் இரண்டு தண்டு, ஈரத் துணியில் சுற்றி. ஒன்றில் மொட்டு, பட்டாணி அளவு. உதிரவில்லை. இலையில்லாத செடிக்குத் தண்டிலேயே தண்ணீர், அதில் தாக்குப் பிடித்திருக்கிறது. மணல் நிரப்பிய தம்ளரில் நட்டு ஜன்னலில் வைத்தேன்.

துவையல்: லேசான கசப்பு, பிறகு புளிப்பு. இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

நவம்பர் 6

மழை விட்டது. அந்தோணி அண்ணன் ஃபோன். "செங்கல்ல எடுத்துடவா மேடம்? வேற வேலைக்கு ஆவும். டீச்சர் கிட்ட நான் ஒண்ணும் சொல்லல."

"இருக்கட்டும் அண்ணா. சுண்ணாம்பு மிச்சம் இருந்தா இன்னொரு தடவை அடிங்க."

"அடிச்சுட்டேன் மேடம்."

மத்தியானம் பூ விரிந்தது. ஐந்து இதழ், கருஞ்சிவப்பு, அழுகிய மீன் வாடை. எட்வின் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்கு ஓடினார். எனக்கு மணத்தது. அளந்தேன், வரைந்தேன், ஸ்பிரிட் பாட்டிலில் போட்டேன். லேபிள் எழுத உட்கார்ந்தேன். பெயர் எழுதியாயிற்று. தேதி, சேகரித்தவர்: பிலோமினா டீச்சர். பயன்: துவையல்.

இடம் என்ற வரியில் பேனா நின்றது. காபி போட்டுக் குடித்துவிட்டு வந்து எழுதினேன்.

இடம்: கல்லறைத் தோட்டம், கிழக்கு மூலை, டீச்சர் மகன் கல்லறை.