பெயர்களை மறைத்து நான் அச்சிட்ட உன் புத்தகம்

என் தங்கச்சி கோமதிக்கு,

உன் பெயரை நான் ஒரு பத்திரிகையில் எழுதுவது இதுதான் முதல் தடவை. கை கூசுகிறது. கூசட்டும். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் நான் பட்டதற்கு இது ஒன்றுமே இல்லை. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் புத்தகம் அச்சாகிவிட்டது. சனிக்கிழமை மத்தியானங்களில் சாலைக் கடைத்தெருப் பெண்பிள்ளைகளை நம் கடை மச்சில் கூட்டிவைத்துச் சொல்வாயே, நாலு கலைக்காரிகளின் கதை. வீணைக்காரி, நாடகக்காரி, கல்கத்தாச் சித்திரக்காரி, கல்லில் சிங்கம் செதுக்கிய சீமைக்காரி. நீ எழுதி வைத்திருந்த நோட்டு, நீ காய்ச்சலில் போன பிறகுதான் என் கண்ணில் பட்டது. சிலேட்டுப் பலகையைத் தலையில் சுமந்து விற்று, பிறகு கடை வைத்து, அச்சு யந்திரமும் வாங்கியவன் நான். தங்கச்சிக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி?

செய்தேன். எப்படிச் செய்தேன் என்பதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும்.

சாலைக் கடைத்தெருவில் எந்தக் காகிதமும் கடைசியில் பொட்டலம்தான் என்பது உனக்கும் தெரியும். இன்றைக்குப் பாடப்புத்தகம், நாளைக்குக் கருவாடு மடிக்கிற தாள். உலகச் சண்டை வந்து காகிதத்துக்குப் பஞ்சமான பிறகு கேட்கவே வேண்டாம். பேரெடுத்த பெண்களின் பெயரும், செத்துப்போன என் தங்கையின் பெயரும் கருவாட்டு நாற்றத்தோடு தெருவில் மிதிபடலாமா? நம் அம்மையின் பெயரை அப்பா நாலு பேர் முன்னால் சொல்லிக் கேட்டிருக்கிறாயா நீ?

அதனால் ஒரு குச்சியில் அச்சு மையைத் தொட்டு, நோட்டில் இருந்த பெண் பெயர்களை எல்லாம் நானே பூசி மறைத்தேன். அந்த இடங்களில் இன்னார் மகள், இன்னார் மனைவி, இன்னாரின் சிஷ்யை என்று எழுதிக் கொடுத்தேன். ஆண்களின் பெயர்களைப் பட்டத்தோடு அப்படியே விட்டேன். அட்டையில் ‘ஒரு குலஸ்திரீ எழுதியது’ என்று பொடி எழுத்தில் போட்டு, அதன் கீழே என் பெயரையும் கடை விலாசத்தையும் கொட்டை எழுத்தில் போட்டேன்.

அச்சுக் கோர்க்கிறவன் ஒரு வார்த்தை கேட்டான்: “முதலாளி, இது ஆருக்க கதையாக்கும்?”

“பொம்பளையளுக்க கதை. நீ சோலியைப் பாரு” என்றேன். அப்போதாவது எனக்கு உறைத்ததா?

பெண்கள் பள்ளிக்கூடத்தின் தமிழ் வகுப்புக்கு ஐம்பது பிரதி இலவசமாகக் கொடுத்தேன். பிள்ளைகள் படித்து முடித்த பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். மாலை போட்டார்கள். “நமக்கு இத்தற நல்ல புஸ்தகம் எழுதித் தந்த முதலாளி” என்றார் மலையாளம் கலந்து பேசும் தலைமை டீச்சர். திருத்திச் சொல்லத்தான் எழுந்தேன், கோமதி. பிள்ளைகள் கைதட்டினார்கள். கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு டீச்சர் கேள்வி கேட்டார். “வீணை வாசிச்சு ராஜாவையே அழ வச்சது ஆரு?”

“வித்வான் சாமிநாதன்!” என்று வகுப்பே கத்தியது. அவர் வீணைக்காரியைப் பெற்ற அப்பா.

“ராஜா வேஷம் கட்டி மதுரையை மயக்கினது?”

“சிவக்கொழுந்து!” அவன் நாடகக்காரியின் புருஷன், கொட்டகையில் டிக்கெட் கிழித்தவன் என்று நீதானே எழுதியிருந்தாய்?

மகள், மனைவி என்ற சொற்களைத் தாண்டி, கண்ணில் பட்ட பெயரைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் ஒரு சின்னப் பெண்ணிடம் டீச்சர், “நீயும் இதுபோல வரணும், கேட்டியா?” என்றார்.

அவள் எழுந்து, “எங்க அண்ணன் வருவான் டீச்சர்” என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. அது சரியான பதில் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இடி விழுந்த பனைபோல நான் உட்கார்ந்திருந்தேன்.

பின்வரிசையில் இருந்து ஒருத்தி எழுந்தாள். அரிசிக்கடைக்காரர் மகள் மீனாட்சி. உன் சனிக்கிழமைக் கூட்டத்தில் வாய் ஓயாதவள். “டீச்சர், மொத்தமும் தப்பு. வீணை வாசிச்சது சிவகாமி. ராஜபார்ட் கட்டினது மரகதம். இந்தக் கதையெல்லாம் கோமதி அக்காளுக்கதாக்கும்” என்றவள், என்னைப் பார்த்து, “மாமா, அக்காளுக்க பேரு எங்க போச்சு?” என்றாள்.

“நான்தான் மறைச்சேன்” என்றேன்.

“எந்தினு முதலாளி?” என்று காரணம் கேட்டார் டீச்சர்.

“ஒரு மரியாதைக்கு.”

“மரியாதைக்கா?” என்றாள் மீனாட்சி. அவள் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

மாலையைக் கழற்றி மேசையில் வைத்தேன். அது எனக்கு உரியதல்ல, இதை எழுதியவள் என் தங்கை கோமதி என்று அத்தனை பிள்ளைகளுக்கும் கேட்கச் சொன்னேன். ஐம்பது பிரதியையும் திரும்ப வாங்கி வந்துவிட்டேன்.

நேற்று மீனாட்சியும் அவள் சிநேகிதிகளும் மச்சுக்கு வந்தார்கள். உன் நோட்டை நடுவில் வைத்துக்கொண்டு அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். சிவகாமி. மரகதம். கல்கத்தாக்காரி நிருபமா. மூன்று பேர் கிடைத்தார்கள்.

நாலாமவள் கிடைக்கவில்லை. மை பூசியபோது அந்தப் பெயரை நான் நின்று வாசிக்கக்கூட இல்லை. “சீமைக்காரி பேரு வாயிலேயே நொழையாது மாமா. அக்கா சொல்லச் சொல்ல நாங்க சிரிப்போம்” என்றார்கள். பிளேடால் மையைச் சுரண்டிப் பார்த்தேன், தாள் கிழிந்தது. வெயிலில் பிடித்துப் பார்த்தேன், கறுப்புதான் தெரிந்தது. சாப்பிடும்போது ஒரு நாள் அவளைப் பற்றி என்னிடமும் சொன்னாய். “கல்லு கொத்துகதுக்கும் ஒரு பொம்பளையா?” என்று சிரித்தேன். “கேட்டியளா அண்ணாச்சி, பேரையாவது முழுசாக் கேளுங்க” என்றாய். நான் மோர் கேட்டேன்.

அவள் பேர் என்ன, கோமதி?

உலகத்துக்கே தெரிந்த ஒருத்தியைப் பெயரில்லாதவளாக ஆக்க ஒரு குச்சி மை போதுமாக இருந்திருக்கிறது.

திங்கட்கிழமை பொதுப் புத்தகசாலைக்குப் போகிறேன். பெட்டியில் ஒட்டிய லேபிளைப் படிக்கிற அளவுக்குத்தான் எனக்கு இங்கிலீஷ் தெரியும். மீனாட்சி துணைக்கு வருகிறாள். சிங்கம் செதுக்கியவளைத் தேடி அலமாரி அலமாரியாகப் பார்ப்போம். ஒரு நாளில் கிடைக்காவிட்டால் கடையை அடைத்துவிட்டு மறுநாளும் போவேன். அவள் பெயர் கிடைக்கும்வரை மறுபதிப்பு யந்திரத்தில் ஏறாது. கிடைத்ததும் நாலு பெயர்களையும் முழுசாகப் போட்டு, அட்டையில் உன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டு, நானே பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போவேன். அந்த முன்வரிசைப் பிள்ளையின் கையில்தான் முதல் பிரதி. இது சத்தியம்.

இப்படிக்கு,
கோமதியின் அண்ணன்,
சாலைக் கடைத்தெரு, திருவனந்தபுரம்.