கடித்ததா? இல்லை

இன்று காலை கேட்டின் துருப்பிடித்த கம்பி காலைக் கிழித்துவிட்டது. தெருமுனை கிளினிக்குக்கு டி.டி. ஊசி போட்டுக்கொள்ளப் போனேன். நர்ஸ் பெண் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து என் இடது தோளில் தேய்த்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், என் வலது கை தானாக நீண்டு, பிடித்துக்கொள்ள ஒரு கையைத் தேடியது. "என்ன மேடம், பயமா?" என்று சிரித்தாள். பயம்தான். இருபது வருஷமாகியும் விடாத பயம். உன் கைதான் அங்கே இல்லை.

நீ இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டியது. வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, நீ போய்ச் சேர்ந்த பிறகு கடிதம் எழுதுகிறேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். சாந்திபுரத்து ஷெட்டில் கடைசியாகத் தூக்கினோமே ஒரு வெள்ளைப் பெட்டை நாய், அது என்னைக் கடித்தது. உன்னிடம் மறைத்தேன்.

அந்த ஷெட் உனக்கு ஞாபகம் இருக்காமல் போகுமா? பட்டுப்புழு வளர்த்த ஷெட். வெளிநாட்டுப் பட்டு வந்து கூட்டுக்கு விலை இல்லாமல் போனதும், ஷெட்டுக்காரர் புழுத் தட்டு வைத்த மூங்கில் அடுக்குகளில் கம்பி வலை அடித்து பொமரேனியன் நாய்களை அடைத்துவிட்டார். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் பெருகின நேரம். அபார்ட்மெண்டுக்குள் அடங்குகிற நாய்க்கு அலைந்தார்கள். நாலைந்து வருஷம் குட்டி போட்டுப் போட்டு அவை தேய்ந்தன. அப்புறம் சப்பை மூக்கு நாய்தான் மோஸ்தர் என்று ஆனதும் வெள்ளை நாயைச் சீந்துவார் இல்லை.

"பட்டும் பூட்ச்சி, இதுவும் பூட்ச்சி. எங்கனா தூக்கிக்கினு போங்கம்மா. சாயங்காலத்துக்குள்ள ஷெட்டு காலியா இருக்கணும்" என்றார்.

பட்டப்பகல் பதினோரு மணி. உள்ளே போனோம். பதினோரு நாய்கள், ஒன்றுகூடக் குரைக்கவில்லை. அடுக்கின் உள்ளிருந்து நம்மையே பார்த்துக்கொண்டிருந்தன. தரையில் இறக்கிவிட்டால் நடக்கத் தெரியாமல் நின்ற இடத்திலேயே சுற்றின. நம்மோடு வந்திருந்த சரளா அழுதுகொண்டே தன் காரில் துணி விரித்தாள். நீ மட்டும்தான் பேசிக்கொண்டே இருந்தாய். "வாடி ராசாத்தி, வெளிய வந்து பாரு, வெய்யிலு எப்டி காயுதுன்னு." மாட்டு ஆஸ்பத்திரியில் அட்டெண்டர் வேலை பார்த்த உனக்கு எந்த மிருகத்தோடும் பேச்சு வந்தது. ராமகுப்பத்தில் கூலிக்குப் போன வீட்டில் பிறந்து, படித்து, அரசாங்க வேலைக்கு வந்த முதல் பெண் என்கிற மிடுக்கு வேறு. உன்னைப் பார்த்துத்தான் எனக்குத் தைரியம் வரும்.

கடைசி அடுக்குக்கு நான் கையை நீட்டினேன். ஓசையே இல்லாமல் கடித்தது. வலது கட்டைவிரலின் அடியில் இரண்டு பல். நீயும் சரளாவும் வெளியே இருந்தீர்கள். நாயை முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அடிபம்பில் கையைக் கழுவினேன். சோப்பைப் போட்டுப் போட்டுக் கழுவினேன்.

"இன்னா மாமி, சோப்பு கரஞ்சே பூடும் போல! அவ்ளோ அழுக்கா?" என்றாய்.

"நாத்தம் போகலைடி" என்றேன்.

நாய்களை மீட்கிற நம் மூன்று பேர் குழுவுக்கு நீ போட்ட சட்டம் ஒன்றுதான். கடித்த நாயைப் பத்து நாள் கட்டிவைத்துப் பார்க்க வேண்டும். வெறி இருந்தால் பத்து நாளுக்குள் செத்துவிடும், தாண்டினால் பயமில்லை. அதுவரை எவருக்கும் கொடுக்கக் கூடாது. ஒவ்வொரு நாய்க்கும் ஒரு சீட்டு. "துன்னுச்சா? நடந்துச்சா? கடிச்சுதா?" என்று நீ கேட்கக் கேட்க நான் எழுதுவேன், நீ கையெழுத்துப் போடுவாய். அன்று கட்டிவைக்க எங்கே இடம் இருந்தது? உன் ஆஸ்பத்திரிக் கொட்டடி நிரம்பி வழிந்தது. சரளாவின் கார் ஷெட்டில் எட்டு நாய். என் வீட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கணவருக்குக் கோயில் மடப்பள்ளியில் கைங்கர்யம். நாயைத் தொட்ட நாளில் நான் கொல்லைப்புறமாக வந்து, கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே நுழையலாம். கடித்தது என்று தெரிந்தால் அதோடு சரி, மாமியார் என்னை வாசற்படி தாண்ட விடமாட்டார்.

அந்த வெள்ளை நாய்க்காக நாயுடுபேட்டையிலிருந்து ஒரு தம்பதி நம் திருப்பதிக்கு வந்து காத்திருந்தார்கள். ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டரும் மனைவியும். ஒரே பிள்ளை அமெரிக்கா போய்விட்டான், வீடு வெறிச்சென்று இருக்கிறது என்றார்கள். நாலு மணிக்கு அவர்கள் கார் கிளம்ப வேண்டும். அன்று விட்டால் அந்த நாய்க்கு வேறு போக்கிடம் இல்லை.

நீ சீட்டைப் பார்த்து வரிசையாகக் கேட்டாய். கடைசிக் கேள்வியில் மட்டும் கொஞ்சம் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாய். "கடிச்சுதா?"

"இல்லை" என்று என் கையாலேயே எழுதினேன். கடிபட்ட கையால். நீ கையெழுத்துப் போட்டாய். அந்த அம்மாவிடம் நாயைக் கொடுக்கும்போது, "புது எடம், பயந்துகினு இருக்கும். பத்து நாளைக்கு அது வாயாண்ட கையக் கொண்டு போவாதீங்க" என்று மூன்று தடவை சொன்னாய். என்ன இவள், வளவளவென்று, என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

வீட்டில் அரிவாள்மணை பட்டுவிட்டது என்று சொல்லி, மஞ்சள் வைத்துத் துணி சுற்றிக்கொண்டேன். முதல் இரண்டு நாள் நான் பட்ட பாட்டை எப்படிச் சொல்ல? உன் ஆஸ்பத்திரியில் வெறி வந்த கன்று ஒன்றைப் பார்த்திருக்கிறேனே. தண்ணீர் வாளியைக் கண்டு அது திமிறியதும், வாயில் நுரை தொங்கியதும் கண்ணை விட்டுப் போகவில்லை. காலையில் எழுந்ததும் சொம்புத் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்பேன். தொண்டை ஏற்குமா, மாட்டேன் என்னுமா? ஒரு வாய் இறங்கினால் அன்றைக்கு உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம். என் பெண்ணுக்கு அப்போது ஐந்து வயது. கையால் பிசைந்து ஊட்டினால்தான் சாப்பிடுவாள். கை வலிக்கிறது என்று சொல்லி அவளைப் பாட்டியிடம் தள்ளிவிட்டு, அடுக்களையில் நின்று அழுதேன். ஊசி போட்டுக்கொள்ளலாம் என்றால் ஆஸ்பத்திரிக்கு என்ன சொல்லிவிட்டுப் போவது? ஊரெல்லாம் தெரிந்த குடும்பம். அட, உயிரைவிடவா மானம் பெரிசு என்று நீ கேட்பாய். அன்று எனக்கு அப்படித்தான் இருந்தது.

மூன்றாம் நாள் காலை நீ வந்து நின்றாய், பக்கத்தில் ஒரு நர்ஸம்மாவோடு. கையில் ஐஸ் போட்ட பிளாஸ்க். மாமியாரைப் பார்த்துக் கும்பிட்டாய்.

"பெரியம்மா, நாய் வேலை செய்றவங்க அத்தினி பேரும் முன்கூட்டியே ஊசி போட்டுக்கணும்னு டாக்டரு சொல்லிட்டாரு. எனக்கு ஆஸ்பத்திரியிலயே போட்டாச்சு, சரளாம்மாவுக்கு அவங்க வூட்ல போட்டாச்சு. மாமிதான் பாக்கி. அஞ்சு ஊசி, நாங்களே வந்து வந்து போட்டுட்டுப் பூடுவோம்."

"இந்த நாய்ப் பொழப்பு எதுக்குடி உனக்கு? ஊசி வேற குத்திக்கணுமா?" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் தடுக்கவில்லை.

எனக்கோ தலைகால் புரியவில்லை. பெருமாளே வந்து வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது. கேட்காமலே, சொல்லாமலே, எப்படி இப்படி ஒரு அதிர்ஷ்டம்! கூடத்தில் ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்து, இடது தோளில் ஸ்பிரிட் தேய்த்தார்கள். மாமியார் எதிரிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அய்ய, மாமிக்கு ஊசின்னா பயம்!" என்று கேலி செய்துகொண்டே என் வலது கையை உன் இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பொத்திக்கொண்டாய். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான்.

ஊசி போட்டும் பயம் போகவில்லை. கடித்த அன்றே போட்டிருக்க வேண்டும், மூன்று நாள் தாமதம், மருந்து முந்துமா விஷம் முந்துமா என்று மனசு அடித்துக்கொண்டது. நல்லவேளை, நீ தினமும் சாயங்காலம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து நாயுடுபேட்டைக்குப் போன் போட்டுவிட்டு, வேலை முடிந்து போகிற வழியில் என் வாசலில் நின்று சொல்லுவாய். "வெள்ளச்சி நல்லா துன்றாளாம். தண்ணி கூட நக்கி நக்கிக் குடிக்கிறாளாம்." அந்தத் தண்ணீர்ச் சேதியைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும்.

எட்டாம் நாள் போனை எவரும் எடுக்கவில்லை என்றாய். ஒன்பதாம் நாளும் எடுக்கவில்லை. உன் குரலும் அன்று சரியாக இல்லை. நாய் செத்திருக்கும், அதைச் சொல்ல முடியாமல்தான் அவர்கள் போனை எடுக்கவில்லை என்று நான் முடிவே கட்டிவிட்டேன். என் பெண்ணின் சீட்டிப் பாவாடைகளை எடுத்து மடித்து மடித்து வைத்தேன். அடுத்த வருஷம் அளவு எடுத்துத் தைக்க நான் இருப்பேனா? வெறி கண்டவர்களுக்குக் காற்றும் ஆகாது என்பார்கள், எனக்கு ஃபேன் காற்று முகத்தில் பட்டாலே உடம்பு நடுங்கியது. அது வியாதியா பயமா என்று எனக்கே தெரியவில்லை.

பத்தாம் நாள் நீ லீவு போட்டுவிட்டு பஸ் ஏறி நாயுடுபேட்டை போனாய். மத்தியானம் மூன்று மணிக்கு வெயிலில் கறுத்துப்போய், ஒரு காலில் செருப்போடும் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டும் என் வாசலுக்கு வந்தாய். கையில் இருந்த மற்றொரு செருப்பை என் முன்னால் போட்டாய். வார் பிய்ந்து, ஓரமெல்லாம் பல் பதிந்து கிடந்தது.

"பாரு மாமி, உன் வெள்ளச்சி பண்ண வேலைய. விசாவுக்காவ ரெண்டு பேரும் மெட்ராஸ் போயிட்டாங்களாம், நாய பக்கத்து வூட்ல வுட்டுட்டு. நான் அந்தம்மாவாண்ட பேசிக்கினு இருக்கறதுக்குள்ள செருப்ப துன்னுட்டா!"

நான் அந்தச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சிரித்தேன், அழுதேன். மாமியார், "பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு?" என்றார். நீ மட்டும் ஏன் அழுகிறாய் என்று கேட்கவில்லை. தண்ணீர் கேட்டாய். சொம்பைக் கொடுத்ததும், "நீ மொதல்ல குடி" என்றாய்.

போன மாதம் ராமகுப்பத்தில் உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு நானும் சரளாவும் போயிருந்தோம். திரும்பும்போது காரில் உன் கதையே பேசிக்கொண்டு வந்தோம். "நமக்கெல்லாம் வீடு தேடி வந்து ஊசி போடவைத்தாளே, நினைவிருக்கா?" என்றேன்.

சரளா திரும்பிப் பார்த்தாள். "ஊசியா? எனக்கா? எவரு செப்பாரு, யாரு சொன்னா? எனக்கு ஒண்ணும் போடலையே."

"அஞ்சு ஊசி, சரளா. முன்கூட்டியே போடுவது."

"முன்கூட்டியேன்னா மூணுதான். அஞ்சு ஊசி கடிபட்டவங்களுக்குப் போடறது" என்றாள். அப்புறம் என் கையைப் பார்த்தாள். குப்பம் ரோடு முழுக்க நான் கட்டைவிரலைத் தடவிக்கொண்டே வந்தேன்.

கடவுளே, எனக்கு இத்தனை வருஷம் உறைக்கவில்லையே! அடிபம்பில் சோப்பு கரைந்ததை நீ பார்த்தாய். முகத்தைப் பார்த்து ஒரு தடவை கேட்டாய், நான் பொய் சொன்னேன், அதற்குமேல் என்னைக் கேட்டு அவமானப்படுத்தவில்லை. ஏன் ஒரு வார்த்தை திட்டவில்லை? நீயும்தானே பத்து நாள் பயந்து செத்திருப்பாய், ஒண்டியாக? கேட்க நீ இல்லை.

இப்போது நம் வேலைக்குச் சின்னப் பெண்கள் வருகிறார்கள். சீட்டு எழுதும் முன் நான் எவளிடமும் கடித்ததா என்று கேட்பதில்லை. "ரெண்டு கையையும் நீட்டுங்கடி" என்று பிடித்துத் திருப்பிப் பார்க்கிறேன். கிழவிக்குச் சந்தேகப் புத்தி என்று முணுமுணுக்கிறார்கள், முணுமுணுக்கட்டும்.

என் கட்டைவிரலின் அடியில் பல் பட்ட இடம் இரண்டு வெளுத்த புள்ளிகளாக இன்னும் இருக்கிறது. ஊசி போட்டபோது மாமியார் எதிரில் நின்றிருந்தார், காயத்தில் சுற்றிய துணியை நான் பிரித்திருந்தேன். உன் உள்ளங்கை அந்த இடத்தை மூடிக்கொண்டிருந்தது. ஐந்து தடவையும்.