எட்டாவது டிஸ்கில் நான்கு நிமிடம்

என் அக்காவுக்கு, எப்போதும் தாமதமாகவே பதில் எழுதுகிற சாந்தியின் அன்பு.

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. செத்தவர்கள் கடிதம் படிப்பதில்லை என்பது கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவளுக்குத் தெரியாதா? இருந்தாலும் உனக்கு ஒரு சேதி இருக்கிறது. அது உன்னுடைய சேதி. வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

நான் இன்னும் அழவில்லை அக்கா. அன்றைக்கு வேலூரிலிருந்து பஸ் ஏறி ஆரணி வந்தேன், உன்னை எடுத்துப் போவதைப் பார்த்தேன், திங்கட்கிழமை வகுப்பெடுத்தேன். "கூடப் பொறந்தவ பாரு, கல்லு மாதிரி நின்னுகினு கீறா" என்று யாரோ பின்னால் சொன்னது காதில் விழுந்தது. பல் பிடுங்க ஊசி போட்டால் உதடு நம்முடையதில்லை போல் ஆகிவிடுமே, அப்படித்தான் இருந்தது. இன்னும் அப்படித்தான் இருக்கிறது.

சேதி உன் டிவிடி ரெக்கார்டரைப் பற்றி. கேமராவில் நீ எடுத்த டேப்புகள் பூஞ்சை பிடிக்கின்றன என்று, அந்த வெள்ளி நிறப் பெட்டியை வாங்கி ஒவ்வொன்றாக டிஸ்கில் ஏற்றினாய். அதற்கு மைனஸ் குறி போட்ட டிஸ்க்தான் சேரும், பிளஸ் குறி போட்டது சேராது என்று கையேட்டில் இருந்தது. போனில் எனக்கு எழுத்துக் கூட்டிப் படித்தும் காட்டினாய். நான், "எல்லாம் ஒரே பிளாஸ்டிக்தான் அக்கா, கடைக்காரன் பேச்சு அது" என்றேன். உன் பிறந்த நாளைக்குப் பிளஸ் டிஸ்க் ஒரு டப்பா வாங்கிக் கொடுத்தேன். நீ வாங்கிக்கொண்டாய். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போன வாரம் உன் வீட்டு அலமாரியில் அந்த டப்பாவைப் பார்த்தேன். ஒரே ஒரு டிஸ்க்தான் குறைந்திருந்தது. மூடியில் உன் எழுத்து: "சாந்தி வாங்கித் தந்தது. சேராது. தூக்கிப் போட வேண்டாம்."

அதற்கு முன்பே நித்யா கூப்பிட்டிருந்தாள். ஆடி மாதம் வந்தபோது உன் எட்டு டிஸ்குகளையும் உன் மகள் பெங்களூருக்கு எடுத்துப் போயிருக்கிறாள். அவள் போனில் உன் குரல் இல்லை. நீதான் வாட்ஸ்அப்பில் பூப்படம் தவிர வேறு எதுவும் அனுப்ப மாட்டாயே. டிஸ்கில் எப்படியும் இருக்கும் என்று நம்பியிருக்கிறாள். படம் எடுத்தது முழுக்க நீ. உருவம் இல்லாவிட்டாலும் குரல் இருக்குமல்லவா?

"சித்தி, எட்டுமே காலின்னு காட்டுது. அம்மா எதுவுமே ரெகார்ட் பண்ணலையா? தப்பான டிஸ்க் வாங்கிட்டாங்களா?"

தப்பான டிஸ்க் வாங்கியது யாரென்று நான் சொல்லவில்லை. கூரியரில் அனுப்பச் சொன்னேன். டிஸ்கின் ரசாயனப் பூச்சு நாளாவட்டத்தில் கெட்டுவிடும், எதிர்பார்க்காதே என்றும் சொல்லி வைத்தேன். எனக்கு நம்பிக்கை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போனேன். மாமா தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். இளைத்திருக்கிறார். பெட்டியின் மேல் நீ போட்ட பூத்துணி அப்படியே இருக்கிறது. முதல் டிஸ்கைப் போட்டேன். 'லோடிங்' என்று வந்தது. நின்றது. மறுபடி சுற்றியது.

"அது அப்டித்தாம்மா. உங்க அக்கா அது லோடு ஆவறதுக்குள்ள உலை வெச்சுட்டு வருவா" என்றார் மாமா.

உலை வைக்கிற நேரம் கழித்துப் படம் வந்தது. நித்யா மூன்று சக்கர சைக்கிளில். கேமராவுக்குப் பின்னாலிருந்து நீ: "பாத்து, பாத்து, செவுத்துல மோதாதடி!"

மாமா தறிப்பக்கம் போய்விட்டார். ஆனால் தறி ஓடும் சத்தம் வரவில்லை.

விஷயம் இதுதான் அக்கா. நீ ஏற்றியதெல்லாம் பத்திரமாக இருக்கிறது. டிஸ்கை மூடாமல் விட்டதுதான், அதாவது பதிவு முடிந்தது என்று பெட்டியில் முத்திரை வைக்காததுதான் குறை. மூடாத டிஸ்க், ஏற்றிய பெட்டியைத் தவிர மற்றதில் ஓடாது. எட்டிலும் கடைசியில் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறாய். அது ஏன் என்று மாமாதான் சொன்னார்.

"தறியில ஏத்துன பாவு நூலு முடிஞ்சா ஒரேடியா அறுத்துட மாட்டோம்ல? அச்சுல கோத்த இழையில கொஞ்சம் வாலு உட்டு வெப்போம். புதுப் பாவ அதோடதான் ஒண்ணொண்ணா பிணைக்கணும். இவளும் இதுக்கு வாலு உட்டு வெச்சா. மூடிட்டா அப்புறம் எதோட பிணைக்கறதுன்னு என்னையே கேட்டா. நான் என்னாத்த கண்டேன்?"

நீ என்னையும் கேட்டாய். அது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "மூடட்டுமான்னு கேக்குதுடி. மூடுனா அப்புறம் எதுவும் ஏத்த முடியாதாம். என்னா பண்றது?" நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "உனக்கு எது வசதியோ பண்ணு அக்கா" என்றேன். மூடாவிட்டால் வேறு பெட்டியில் ஓடாது என்று கையேட்டின் அடுத்த வரியில் இருந்திருக்கும்; அதைப் படி என்று சொல்ல எவ்வளவு நேரமாகியிருக்கும்?

மூடும்போது மின்சாரம் போனால் டிஸ்க் பாழாகிவிடும். மாமாவிடம் சொன்னேன்.

"இன்னிக்குப் போவாது. நேத்துதான் நாள் பூரா நிறுத்தி வெச்சி பேஜார் பண்ணானுங்க. ஜல்தி முடி" என்றார். சொல்லிவிட்டு, ஃபேனையும் விளக்கையும் அவரே அணைத்தார். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

ஒவ்வொன்றுக்கும் சில நிமிடங்கள். இருவரும் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஏழு டிஸ்க் மூடியாயிற்று. என் மடிக்கணினியில் ஓடவிட்டு, நித்யாவைக் கூப்பிட்டுப் போனைப் பக்கத்தில் வைத்தேன். அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு, "அந்தச் செவுத்துல மோதாதடி இன்னொரு வாட்டி போடுங்க சித்தி" என்றாள். நான்கு முறை போட்டேன்.

எட்டாவது, தீபாவளி. நித்யா பாவாடையில் மத்தாப்பு பிடிக்கிறாள். கேமரா திரும்பி, கதவோரம் நிற்கும் என்னிடம் வருகிறது.

"ஏன்டி சாந்தி, எதுனா பேசுடி. ஊமையாட்டம் நின்னுகினு கீறியே! காலேஜ்ல மட்டும்தான் வாய் தொறப்பியா?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போகிறேன். நீ சிரிக்கிறாய். "சரி உடு. எடம் கீது. அப்புறம் வந்து பேசு."

படம் அங்கே நின்றுவிடுகிறது. டிஸ்கில் மீதி நான்கு நிமிடம் என்று பெட்டி காட்டியது.

"இத்த மூடலயாம்மா?" என்றார் மாமா.

"இல்ல மாமா" என்றேன். எனக்கே காரணம் தெரியாமல்தான் சொன்னேன்.

நித்யாவுக்காக, எட்டாவது ஓடும் திரையைப் போனில் படம்பிடித்து அனுப்பிவிட்டேன். பெட்டி பழசு, என்றைக்கு நிற்கும் என்று சொல்ல முடியாது. அந்த அளவு முன்ஜாக்கிரதை எனக்கு உண்டு. உன் கேமராவையும் எடுத்துப் பார்த்தேன். பேட்டரி செத்துவிட்டது, ஒயரைச் சொருகினால் ஓடுகிறது.

உன் வருஷத் திதிக்கு நித்யா வருகிறாள். அன்றைக்குக் கேமராவை அவளிடம் கொடுத்து, அதே கதவோரம் நிற்கப்போகிறேன். நான்கு நிமிடமும் பேசுவேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. அழுகை வருமா என்றும் தெரியவில்லை. ஆனால் இந்த முறை உள்ளே போக மாட்டேன் அக்கா. பேசி முடித்ததை எட்டாவது டிஸ்கில் ஏற்றிய பிறகு, நானே அதை மூடுகிறேன்.

நீ இடம் விட்டு வைத்த உன் தங்கை,
சாந்தி