இறங்கக்கூடாத எண்

புரட்டாதி 6, வியாழன்

காலை முதல் புழுக்கம். கந்தோரில் மின்விசிறி நின்றுவிட்டது. பத்து மணிபோல் கொழும்பிலிருந்து இவருக்கு அழைப்பு. வீட்டில் போன் இல்லை, எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். ஓட்டச் சங்கத்து அதிகாரி, நல்ல தமிழ். போன மாதம் தெரிவுப் போட்டியில் ஆயிரத்தைந்நூறு மீற்றர் ஓடி முடிந்த கையோடு இவரிடம் சிறுநீர் எடுத்தார்களே, அது வெளிநாட்டு ஆய்வுகூடம் போய் மறுமொழி வந்திருக்கிறதாம். ஒரு ஓமோன் கூடுதலாம். அதை ஊக்கமருந்தாக ஊசி போடுகிறவர்கள் உண்டாம். என்ன ஓமோன் என்று கேட்டேன். மனிதர் இழுத்து இழுத்துச் சொன்னார்: பிள்ளைத்தாச்சிகளுக்கு ஊறுவது.

சிரித்துவிட்டேன். கலியாணம் கட்டி ஐந்து வருடம், நான் நேர்த்தி வைக்காத கோயில் இல்லை. கடைசியில் வரம் என் மனுசன் ரவிக்குக் கிடைத்திருக்கிறது.

பின்னேரம் துறைமுக வேலையால் வந்ததும் சொன்னேன். "எத்தினை மாசமாம்?" என்றார். இருவரும் சிரித்தோம். பிறகு இருவருக்கும் சோறு இறங்கவில்லை. குற்றம் என்றால் இரண்டு வருடத் தடையாம். இவருக்கு இப்பவே இருபத்தொன்பது. அதற்குப் பிறகு எங்கே ஓடுவது?

வாங்க: சீனி, மண்ணெண்ணெய், இவரின் சப்பாத்துக்குப் பசை.

7, வெள்ளி

அதே வெயில். லேகியம்தான். வேறொன்றும் இருக்க ஏலாது. பிள்ளைக்காக ஆடியிலிருந்து இவர் சாப்பிடுகிற கிண்ணியாப் பரியாரியாரின் லேகியம். காலையிலேயே துறை கடந்து போய் அவரைப் பிடித்தோம். கிழவர் பாவம், நடுங்கிவிட்டார். தேனும் பூனைக்காலி விதையும் இன்னும் நாலு வேரும்தானாம். ஓமோன் என்ற சொல்லையே இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறாராம்.

திரும்பும்போது படகில் ரவிக்கு ஆத்திரம். கூட ஓடுகிற ஒருவன் ஊசி போடுவது எல்லாருக்கும் தெரியும். நாள் பார்த்து நிற்பாட்டிவிடுவான், ஒவ்வொரு முறையும் சுத்தமாக வெளியே வருவான். லேகியக்காரன் மட்டும் மாட்டினான். இது என்ன சோதனை? எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

11, செவ்வாய்

அதிகாரி மறுபடியும். இன்னொரு தரம் சிறுநீர் கொடுக்க வேண்டும், லேகியப் போத்தலையும் கொண்டுவர வேண்டும். இந்த முறை பொறுமையாக விளக்கினார், நல்ல மனிதர். ஒரு எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல ஏலாதாம். அது எந்தப் பக்கம் போகிறது என்றுதான் பார்ப்பார்களாம். வெளியிலிருந்து போனதென்றால், நிற்பாட்டினதும் சில நாளில் இறங்கி இல்லாமல் போய்விடும். இறங்காவிட்டால் இவர் ஒன்றும் எடுக்கவில்லை என்று அர்த்தம்.

லேகியம் சாப்பிடுவதைப் போன வெள்ளியே நிற்பாட்டியாயிற்று. ஆக, அது இறங்கக்கூடாது. கந்தோர் விட்டு நேரே காளி கோயில். வேறு ஒன்றும் கேட்கவில்லை. இறங்கக்கூடாது, அவ்வளவுதான்.

24, திங்கள். கொழும்பு

வெக்கை. தங்கும் அறையில் நுளம்பு. வழியில் எத்தனை தரம் பஸ்ஸால் இறங்கி ஏறினோம் என்று கணக்கில்லை. ஒரு காவலரணில் ஆமிக்காரப் பொடியன் லேகியப் போத்தலைத் திறந்து மணந்து பார்த்தான். "பெஹெத்" என்றேன், மருந்து என்று சிங்களத்தில். முகத்தைச் சுளித்துக்கொண்டு திருப்பித் தந்தான்.

சோதனை நடந்த விதத்தை ரவி சொல்லச் சொல்ல வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். சுவர்ப் பக்கம் திரும்பக்கூட விடவில்லையாம், ஒருவர் பார்த்துக்கொண்டே நின்றாராம். இரண்டு போத்தல். மூடினால் உடைக்காமல் திறக்க ஏலாத மூடி. மேலே பெயர் இல்லை. எண் மட்டும். ஆய்வுகூடத்துக்கு இவர் தமிழனா, சிங்களவனா, எந்த ஊர் என்று ஒன்றும் தெரியாது. அடையாள அட்டை கேட்காத ஒரு சோதனையை இந்த நாட்டில் இன்றைக்குத்தான் கண்டேன்.

ஐப்பசி 9, செவ்வாய்

விடிய முதல் மழை. லிங்கநகர் ஒழுங்கை முழுக்கத் தண்ணீர், நனைந்துகொண்டுதான் கந்தோர் போனேன். மதியம் அழைப்பு வந்தது. லேகியத்தில் ஒன்றும் இல்லையாம். எண் ஏறியிருக்கிறதாம். இறங்காதது மட்டுமில்லை, இரண்டு மடங்காம்.

கதிரையை விட்டு எழும்பிவிட்டேன். கந்தோர் முழுக்க என்னைப் பார்த்தது. அதிகாரிதான் சந்தோசப்படவில்லை.

"தங்கச்சி, வெளியில இருந்து வரேல்லை எண்டால் உடம்புக்கை இருந்துதான் வருது. ஆம்பிளை உடம்பு அதைச் சும்மா செய்யாது. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ."

நான் காளியிடம் கேட்டது இதையா.

10, புதன்

மழை விடவில்லை. லேடி டொக்டர் பார்த்தார். பிறகு ஸ்கான். வலது விதையில் கட்டி, கடலையளவு. நோவில்லை, ரவிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. புற்றுநோய்.

டொக்டர் ஒளிக்காமல் சொன்னார், அதற்கு நன்றி. அந்தக் கட்டிதான் ஓமோனைச் சுரக்கிறது. இவ்வளவு வேளைக்கு யாரும் வருவதில்லையாம், நோவோ வீக்கமோ கண்ட பிறகுதான் வருவார்களாம். அந்த விதையை எடுத்துவிட்டால் பெரும்பாலும் சுகம். பிள்ளைக்கு மற்றது ஒன்றே காணும் என்றார், நான் கேட்காமலே.

நித்திரை இல்லை. அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கோப்பைச் சலம் கடல் கடந்து போயிருக்கிறது. திருகோணமலை என்று ஒரு ஊர் இருப்பதே தெரியாத ஒருவர் அதைப் பார்த்து, தொட்டுப் பார்த்தாலும் தெரியாத கடலையைக் கண்டுபிடித்திருக்கிறார். அவர்கள் தேடினது கள்ளனை. ஊசிக்காரனை அவர்களுக்குப் பிடிக்கத் தெரியவில்லை. ஆனால் இதைப் பிடித்தார்கள். எனக்கு மேல் எல்லாம் புல்லரிக்கிறது. பயமா நன்றியா, பிரிக்கத் தெரியவில்லை.

15, திங்கள்

ஒப்பரேசன் முடிந்தது. மழை. ஊரடங்கு வருமாம் என்று கதை, யாரும் பார்க்க வரவில்லை, நல்லது. மயக்கம் தெளிந்ததும் இவரின் முதல் கேள்வி: "சங்கத்துக்குச் சொல்லிட்டியளோ?" வாயில் வந்ததைச் சொல்லி ஏசினேன். சிரிக்கப்போய்த் தையல் இழுத்து, அழுதார்.

கொண்டுபோக: வேட்டி இரண்டு, பிளாஸ்க், தோடம்பழம்.

31, புதன்

மழை கொஞ்சம் வெளித்தது. போன கிழமை எடுத்த இரத்தத்துக்கு மறுமொழி இன்றைக்கு. அதே ஓமோன்தான், இனி மாதாமாதம் பார்ப்பார்களாம். கட்டி எங்காவது மிச்சம் இருந்தால் எண் காட்டிக்கொடுத்துவிடுமாம். காலையில் கோயில் வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். போன தடவை கேட்டதைத் தந்துவிட்டாள். இனி வாய் திறக்கப் பயம்.

டொக்டர் எங்களுக்கு முன்னாலேயே கொழும்புக்குப் போன் எடுத்தார். இரைச்சல், இரண்டு தரம் அறுந்தது. ரவி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டொக்டர் ரிசீவரை வைத்தார்.

"இறங்கிட்டுது. கிட்டத்தட்ட ஒண்டுமேயில்லை."

அந்த இடத்திலேயே குந்திவிட்டேன். எனக்குத் தண்ணீர் எடுக்க ரவி எழும்பி ஓடினார். ஓடவேண்டாம் என்று டொக்டர் பின்னால் கத்தினார்.