படம் முடிந்ததும் நிறுத்திவிடாதே

வில்லியனூர்
4.5.1987

அன்புள்ள மகன் அல்போன்சுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே உடம்பு சுகத்தோடு இருக்க லூர்து மாதாவை வேண்டிக்கொள்கிறேன். நாங்கள் நலம் என்று எழுதினால் அது பொய், இருக்கிறோம், அவ்வளவுதான்.

கிரேஸ் மேரியின் கல்யாணக் கேசட்டைச் சவரிராயனிடம் கொடுத்து அனுப்பச் சொல்லியிருந்தாய். தங்கச்சி கல்யாணத்துக்கும் உன்னை விடவில்லை, ஐப்பசியில் அவள் காமாலையில் போனபோதும் அந்த அரபி பாஸ்போர்ட்டைத் தரவில்லை, கேசட்டிலாவது பார்க்கிறேன் என்று நீ எழுதியதைப் படித்து நானும் அப்பாவும் அழுதோம். ஆனால் அந்தக் கேசட் இப்போது முழுசாக இல்லையப்பா. நடந்ததைச் சொல்கிறேன், கோபப்படாமல் கடைசிவரை படி.

தவக்காலம் வந்தால் அப்பா வீடியோ டெக்கைப் பழைய வேட்டியில் கட்டிப் பரணில் போட்டுவிடுவார், உனக்குத் தெரிந்ததுதான். இந்த வருஷம் சாமியார் பிரசங்கத்தில், சிலுவை மாட்டிய வீட்டில் நடிகைகள் படம் எதற்கு என்று கேட்டுவிட்டார். உன் அப்பாதான் சாமியார் சொல்லுக்கு மறுசொல் பேசாதவராயிற்றே, வந்ததும் வராததுமாக ஈரத்துணியால் எல்லாக் கேசட்டிலும் ஒட்டியிருந்த நடிகை படங்களை உரித்துப் போட்டார். கல்யாணக் கேசட்டில் கேமராக்காரர் ஒட்டியிருந்த ரோஜாப்பூவும் அதோடு போயிற்று. எல்லாம் ஒரே கறுப்பாக ஆகிவிட்டது. ஈஸ்டர் வந்தது, அவள் இல்லாத முதல் ஈஸ்டர். வூடு இருண்டு கெடக்குது, நாலு பேர் வந்து குந்தினாலாவது தேவலாம் என்று சொல்லிக்கொண்டே அப்பா கைக்கு வந்த ஒரு கேசட்டை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டில் கண்ணையன் வீடியோ கடைக்குப் போய், புதிதாக வந்திருந்த படத்தை அதில் ஏற்றிக்கொண்டு வந்தார். பழைய படம் ஏதோ ஒன்று அழிகிறது என்றுதான் நினைத்தார்.

ஈஸ்டர் மறுநாள் சாயங்காலம் தெருவே நம் வீட்டில். படம் முடிந்து எல்லாரும் எழுந்தார்கள், அப்பா நிறுத்தப் போனார். டி.வி.யில் கோடு கோடாக ஓடியது, பிறகு நம் கிரேஸ் வந்து நின்றாள், மாலையோடு, காரில் ஏறப்போகும்போது எடுத்தது. படம் சின்னது, கேசட் பெரிது, மிச்சம் இருந்த கடைசித் துண்டு மட்டும் தப்பியிருக்கிறது. எழுந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். என் புள்ளய நானே ரெண்டாந்தரம் பொதச்சிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னார் அப்பா. அன்றிலிருந்து பேச்சில்லை. வயல் பக்கம் போவதில்லை, தட்டில் போட்ட சோறு அப்படியே காய்கிறது. கேமராக்காரரிடம் ஓடினேன், அவர் தன்னிடம் இருந்த டேப்பில் வேறு கல்யாணம் எடுத்துவிட்டாராம். கேசட்டின் ஓரத்தில் சின்னதாக ஒரு பல் இருக்கிறதாம், அதை உடைத்துவிட்டால் மேலே எதுவும் ஏற்ற முடியாதாம். கண்ணையன் இதை இப்போது வந்து சொல்கிறான். அப்பா எழுந்து போய்க் கத்தியால் அதை உடைத்தார், இவ்வளவு நாளில் அவர் செய்த ஒரே வேலை அதுதான்.

அந்தத் துண்டை எங்களுக்கு வேறு கேசட்டில் ஏற்றிக்கொண்டோம். அதில் முகம் மங்கல். அசல் உனக்கு வரட்டும் என்று சவரிராயனிடம் கொடுத்திருக்கிறேன். படம் முடிந்ததும் நிறுத்திவிடாதே, கோடு ஓடினாலும் விடு. தங்கச்சி உன்னிடம்தான் பேசுகிறாள். கேமராக்காரர், அண்ணனுக்கு இன்னா சொல்றம்மா என்று கேட்கிறார். அண்ணா, நீ ஒருத்தன்தான் வரல, பரவால்ல, மெதுவா வா, நான் எங்க போயிடப் போறேன் என்று சிரிக்கிறாள்.

உன் முன்கோபம் எனக்குத் தெரியும். என்னைத் திட்டி எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுது, வாங்கிக்கொள்கிறேன். அப்பாவுக்குத் தனியாக ஒரு வரி எழுது, சாப்பிடுங்கப்பா என்று. நான் சொன்னால் கேட்கவில்லை, நீ சொன்னால் கேட்பார். அந்த ஒரு வரிக்குத்தான் காத்திருக்கிறேன்.

மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். கேசட்டைப் போடுவதற்கு முன்னால் சாப்பிட்டுவிடு, பார்த்த பிறகு உனக்குச் சோறு இறங்காது.

உன் அம்மா
காசம்மாள்